கூரையின் மறுபாதி

முதலாளி காசைச் சுண்டிவிட்டதும் தையல் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பூ விழுந்தால் வாசல் பக்கத்துக் கூரை, தலை விழுந்தால் பின்பக்கத்துக் கூரை. காசு கட்டிங் மேஜைமேல் விழுந்து உருண்டு ஒரு துணிக்கட்டில் முட்டிச் சாய்ந்தது. பூ. வாசல் பக்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள். பின்பக்கத்து வரிசையின் கடைசி மெஷினில் இருந்த அக்கா, தன் பங்குக்கு ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

காசைச் சுண்டச் சொன்னது அவளுடைய தங்கைதான். முதலாளியிடம் விட்டால் தன் மேஜை இருக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். தன்னிடம் விட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவாள் என்பதும் தெரியும். அதனால்தான் பூவா தலையா. கூரையில் சரிபாதிக்கு மட்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கப்படும். மறுபாதி பழைய தகரமாகவே கிடக்கும். இரண்டுக்கும் கீழே வெப்பமானிகள் தொங்கும். இரண்டு பக்கத்திலும் சிலர் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்வார்கள். உடம்புச் சூட்டையும் நாடித் துடிப்பையும் அது குறித்துக்கொண்டே இருக்கும். கோடை முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், ஒரு டப்பா வெள்ளைப் பூச்சு மனித உடம்புக்கு என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். கேட்க எவ்வளவு சுத்தமாக இருந்தது!

அவள் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆசிய நாடுகளின் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் பற்றி ஆய்வு செய்ய நிதியுதவியோடு ஒரு வாய்ப்பு என்று துறையின் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவன் சதுப்பு நிலம் என்றான், ஒருத்தி ஆற்று மீன் என்றாள். காடும் கழிமுகமுமாக எல்லோரும் கிளம்பிப் போனபோது இவள் தகரக் கூரை என்று எழுதினாள். நேர்காணலில் திரைக்குள் இருந்த முகங்களில் ஒன்று, ஏன் இப்படி ஓர் இடம், இயற்கையில் ஆர்வம் இல்லையா என்று கேட்டது. வெயிலும் இயற்கைதானே, அது எங்கே இறங்குகிறது என்று பார்க்கப் போகிறேன் என்று ஏதோ ஒரு துணிச்சலில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தேர்வாகிவிட்டாள். அந்தக் கூரைக்குக் கீழேதான் அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும், மாலையில் வேகவைத்து எடுத்ததுபோல் வீட்டுக்கு வருகிறாள் என்பதையும் மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியைக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு இதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பட்டை கட்டிக்கொள்ள யோசித்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேசிக் கரைத்தவள் அவள்தான். கரண்ட் அடிக்குமா, குழந்தை தங்காமல் போகுமா, நாம் எத்தனை முறை பாத்ரூம் போகிறோம் என்று முதலாளிக்குப் போய்ச் சொல்லுமா என்று ஆளுக்கொரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் தங்கையிடம் கேட்டுக்கொண்டு போய்ப் பதில் சொன்னாள். நல்ல ஆய்வாக வந்தால் வெளிநாட்டில் நடக்கும் கூட்டத்தில் போய்ப் பேச வாய்ப்பு உண்டு என்று தங்கை ஒருமுறை வாய் தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி பிளேன்ல போகப் போறா" என்று கொட்டகை முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

வாரக் கடைசியில் திரையில் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒன்றிரண்டு மாணவர்கள். தேர்வானவர்களில் வெயிலை எடுத்துக்கொண்டவர்களை ஒரு குழுவாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு தீவு நாட்டுப் பையன் மீன் சந்தையில் பனிக்கட்டி எவ்வளவு சீக்கிரம் உருகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மலை நாட்டுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூட மைதானத்தில் பாதியில் நிழல்வலை கட்டியிருந்தாள். அவரவர் உடைந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். உடைந்த இடம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்ததால் புரிவதில் சிரமம் இருக்கவில்லை. தன் படங்களை முதல் முறை காட்டியபோது இவள் தாளில் எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தாள். இரண்டாம் முறை தாள் தேவைப்படவில்லை.

வெயில் ஏற ஏறக் கொட்டகைக்குள் புதுப் பெயர்கள் பிறந்தன. பூச்சு அடித்த வாசல் பக்கத்துக்கு 'வெள்ளைக்காரன் பக்கம்' என்றும் பின்பக்கத்துக்கு 'அடுப்பங்கரை' என்றும் யாரோ வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. தங்கை வாரம் இருமுறை காலையில் வந்து, கருவிகளைச் சரிபார்த்து, பதிவானவற்றை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு போவாள். வரும்போதெல்லாம் வெள்ளைக்காரன் பக்கத்திலிருந்து சிரிப்பும் அடுப்பங்கரையிலிருந்து கேலியும் வரும். கேலியில் காரம் கூடிக்கொண்டே போனதை அவள் கவனிக்காமல் இல்லை.

அடுப்பங்கரையில் காஜாக்காரி இருந்தாள். சட்டைக்குப் பித்தான் துளை போடும் காஜா மெஷின் கொட்டகையில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தரையோடு இறுக்கி வைத்தது. அதில் உட்கார்ந்து வேலை செய்தவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். முகம் உப்பி, கால் வீங்கி, நெற்றியில் ஈரத்துணியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெஷினை அந்தப் பக்கம் நகர்த்த முடியாதா என்று தங்கை ஒருமுறை முதலாளியிடம் கேட்டாள். மின் இணைப்பு, அடித்தளம், மெக்கானிக் என்று அவர் அடுக்கிய காரணங்களைக் கேட்டுவிட்டுத் தலையாட்டியபடி வந்துவிட்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு அக்கா சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "அந்தப் பக்கத்தையும் அடிச்சிட்டா என்ன?"

அடித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது என்று தங்கை விளக்கினாள். ஒரு பாதி மாறாமல் இருந்தால்தான் மறுபாதியில் ஏற்பட்ட மாற்றம் பூச்சினால் வந்தது என்று சொல்ல முடியும். கோடை முடியட்டும், முதல் வேலையாக மறுபாதியை அடித்துவிடலாம், அதற்கும் சேர்த்துத்தான் பூச்சு வாங்கியிருக்கிறது. சொல்லும்போதே தன் குரல் வகுப்பறைக் குரலாக மாறிப்போனது அவளுக்கே கேட்டது. அக்கா கழுத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள். வியர்க்குரு கழுத்திலிருந்து தோள் வரை சிவந்து பரவியிருந்தது.

"சரி" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பாதிக் கோடை தாண்டியதும் இடைக்கால அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. துறை ஆய்வகத்தில் உட்கார்ந்து அதுவரை சேர்ந்ததையெல்லாம் வரைபடமாகப் போட்டாள். வெப்பமானிகள் சொன்னது பளிச்சென்று இருந்தது. வெள்ளைப் பாதியின் கோடு கீழே, தகரப் பாதியின் கோடு மேலே, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அடுத்ததாகப் பட்டைகளின் கணக்கைப் போட்டாள். அங்கே இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. அதாவது, கூரை குளிர்ந்தது, காற்று குளிர்ந்தது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தாள். சூத்திரத்தில் பிழையா என்று தேடினாள். பட்டைகள் பழுதா என்று ஒன்றைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். பட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. கூரைக்கு வெள்ளை அடிப்பது வீண் வேலை என்று நிரூபிக்கவா இத்தனை பாடு? அதைச் சொல்லத்தான் போகிறாளா?

மறுநாள், வழக்கமாகப் போகாத நேரத்தில், உச்சிவெயிலில் கொட்டகைக்குப் போனாள். ஏதாவது ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, கணக்கில் சேர்க்காமல் விட்டது ஏதாவது கண்ணில் படாதா என்ற நப்பாசை. வாசலில் நுழைந்தவள் முதலில் பார்த்தது அக்காவை. வெள்ளைக்காரன் பக்கத்தில், முதல் வரிசையில், வேறு யாருடைய மெஷினிலோ உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையில் அக்காவின் இடத்தில், வழக்கமாக வாசல் பக்கத்தில் உட்காரும் கண்ணாடி போட்ட பெண். காஜா மெஷினில் இன்னொருத்தி. காஜாக்காரி வெள்ளைக்காரன் பக்கத்துச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, சட்டைகளில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் எல்லோர் கையிலும் பட்டை இருந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை. உட்காரும் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா எழுந்து அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள்.

எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டாள் தங்கை. காஜாக்காரி ஒரு நாள் கண் இருட்டி மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்துதான். நேரம் காலமெல்லாம் கிடையாது. யாருக்கு முடியவில்லையோ அவள் எழுந்து அந்தப் பக்கம் போவாள், அங்கிருந்து ஒருத்தி இந்தப் பக்கம் வருவாள். யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. தைக்கும் பீஸ் குறையாதவரை யார் எங்கே உட்கார்ந்தால் எனக்கென்ன என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"ஏன்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

தங்கைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வார உழைப்பையும் குப்பையில் போட்டுவிட்டாயே என்று கத்தத் தோன்றியது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கத் தயாராக நிற்கும் முகம் இல்லை அது, மன்னிப்புக் கேட்கும் முகமும் இல்லை. வெறுமனே களைத்த முகம். "உன் வேலையைக் கெடுக்கணும்னு பண்ணலடி," என்றாள் அக்கா மெதுவாக. "அவ அங்க மயங்கிக் கிடந்தப்ப, எனக்கு உன் கோடு, படம் எதுவும் ஞாபகத்துக்கு வரல."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது கோபம் இறங்க இறங்க அதன் அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. காஜாக்காரி மயங்கி விழுந்த வாரத்திலும் அவள் கொட்டகைக்கு வந்திருந்தாள். கருவிகளைப் பார்த்தாள், பதிவுகளை இறக்கினாள், போனாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் யாரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. உடம்பின் சூட்டைச் சொல்லும் பட்டையைக் கையில் கட்டிவிட்டோம், அது சொல்லாததையா இவர்கள் சொல்லிவிடப் போகிறார்கள் என்று எங்கோ உள்ளே நினைத்திருக்கிறாள்.

பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "இந்தத் திட்டத்துல கையெழுத்துப் போட்டது நான். மயங்கி விழுந்தா என்ன பண்றதுன்னு நானும் யோசிக்கல," என்றார் அவர். பட்டைகளின் கணக்கை இனி எங்கும் பயன்படுத்த முடியாது. வெப்பமானிகளின் கணக்கு மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. அதை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. எழுதுவதும் விடுவதும் உன் முடிவு என்றார். அவள் அப்படி எழுதினால் தடுக்கப் போவதில்லை என்றும், ஆனால் எழுதாமல் இருந்தால் தனக்கு நிம்மதியாக இருக்கும் என்றும் சொன்னார்.

அது பெரிய சபலம்தான். அறிக்கையில் பட்டைகளைப் பற்றிய ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டால் போதும், வெளிநாட்டுக் கூட்டம், பிளேன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வீட்டில் அக்காவும் அவளும் இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். குளித்தாயா, தண்ணி பிடித்தாயா என்பதோடு சரி. மூன்றாம் நாள் வாரக் கடைசிக் கூட்டத்தில் தன் முறை வந்தபோது, தயாரித்து வைத்திருந்த அழகான கோட்டுப்படத்தைக் காட்டினாள். அதற்கு அடுத்ததாகப் படுத்துக்கிடந்த கோடுகளையும் காட்டினாள். ஏன் அப்படி என்பதையும் சொன்னாள். அடுப்பங்கரை என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் திண்டாடினாள். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது தன் அக்கா என்பதையும் கடைசியில் சொல்லிவிட்டாள்.

மலை நாட்டுப் பெண் மைக்கைத் திறந்து, என் மைதானத்திலும் இதே கதைதான் என்றாள். வெயில் பாதியில் விளையாட வேண்டிய பிள்ளைகள் நிழல்வலைக்கு ஓடிவிடுகிறார்கள். ஆசிரியர் அவர்களை விரட்டிவிரட்டித் திருப்பி அனுப்புகிறார். விரட்டச் சொன்னது நான்தான் என்றாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள். மேற்பார்வைக் குழுவிலிருந்த ஒருவர், எல்லோரும் அவரவர் ஆட்களிடம் போய்ப் பேசிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று கூட்டத்தை முடித்துவைத்தார்.

அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் தங்கை கொட்டகைக்குப் போனாள். மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். உங்களை உட்காரவைத்து அளந்தேன், உங்களிடம் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றாள். மறுபாதியை உடனே அடித்துவிடலாம், அதோடு முடிந்தது. ஆனால் ஒரு வழி தோன்றுகிறது, உங்களுக்குச் சம்மதமிருந்தால் மட்டும் என்றாள். நீங்கள் ஏற்கெனவே மாறி மாறித்தான் உட்காருகிறீர்கள். அதையே முறைவைத்துச் செய்தால், ஒருத்தியின் உடம்பை இன்னொருத்தியின் உடம்போடு ஒப்பிட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்த உங்களை அந்தப் பக்கம் உட்கார்ந்த உங்களோடு ஒப்பிடலாம்.

பேரம் ஆரம்பித்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள்தான் பேசினார்கள், ஒரே நேரத்தில், ஒருத்தியை ஒருத்தி வெட்டிக்கொண்டு. காஜாக்காரி இனி அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்தே படுக்க மாட்டாள் என்பது முதல் நிபந்தனை. யாருக்காவது முடியவில்லை என்றால் எழுந்து போவாள், ஆய்வு அப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். எழுந்து போன நேரத்தை வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம். கோடை முடியும்வரை எல்லாம் முடியாது, இரண்டே வாரம். இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபாதிக்கும் பூச்சு. கண்ணாடிக்காரப் பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். "எங்க கையில ஓடுற நம்பரை எங்களுக்கும் காட்டுவியா? இவ்ளோ நாளா கட்டியிருக்கோம், ஒரு தடவைகூட நீ காட்டல தங்கச்சி."

காட்டினாள். அந்த இரண்டு வாரமும் தினமும் மாலையில் மடிக்கணினியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உன் நாடி ஏன் பதினோரு மணிக்கு இப்படிக் குதிக்கிறது, முதலாளி வந்தாரா, வீட்டுக்காரர் போன் பண்ணினாரா என்று ஒருத்தியை ஒருத்தி ஓட்டினார்கள். ஒருத்தியின் கோடு மற்றவர்களுடையதைப்போல் இறங்காமல் உயரத்திலேயே நின்றதைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார் என்று கண்ணாடிக்காரப் பெண் கட்டாயப்படுத்தி அனுப்பினாள். ரத்த அழுத்தம் இருந்தது தெரிந்தது. இந்த முறை பட்டைகளின் கோடுகள் பிரிந்தன. விரல் நுழையும் இடைவெளி இல்லை, நகம் நுழையும் அளவுதான். இரண்டு வாரத்தை வைத்துப் பெரிதாக எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று பேராசிரியை எச்சரித்தார். ஆனால் அந்தச் சின்ன இடைவெளி ஒவ்வொருத்தியிடமும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இரண்டாம் வாரம் முடியும் முன்பே, வெளிநாட்டுக் கூட்டத்துக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது, அதில் அவள் இல்லை. தீவு நாட்டுப் பையனின் பனிக்கட்டி ஆய்வு தேர்வாகியிருந்தது. குழு அவளுக்கு எழுதியது: இந்த ஆண்டின் ஒப்பீட்டில் உங்கள் ஆய்வைச் சேர்க்க இயலவில்லை, அடுத்த கோடைக்கும் நிதியுதவியைத் தொடர விரும்புகிறோம், இருக்கை மாற்றும் முறையை விரிவாக எழுதி மற்ற மாணவர்களுக்கும் அனுப்ப முடியுமா? மலை நாட்டுப் பெண் அதற்குள்ளாகவே தன் மைதானத்தில் பிள்ளைகளை மணிக்கொருமுறை பக்கம் மாறச் சொல்லிவிட்டாளாம். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்கா துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டபடி கேட்டுக்கொண்டாள். "பிளேன் அடுத்த வருஷமும் பறக்கும்ல?" என்றாள். அன்று இருவரும் ரொம்ப நாளுக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூச்சடிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தது, வரவில்லை. டப்பாக்கள் மட்டும் வாசலில் இருந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீளக் கம்பில் தூரிகையைக் கட்டி, ஏணியில் கால் வைத்தாள். கீழே நாலைந்து பெண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஆணி வரிசைமேலேயே கால் வை, நடுத்தகரத்தில் மிதிக்காதே என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். தங்கை டப்பாவைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். இத்தனை வருஷம் அடியில் உட்கார்ந்து தைத்த கூரையின்மேல் அக்கா நிற்பது அதுதான் முதல் தடவை. குனிந்து, பெருக்குவதுபோல் இழுத்து இழுத்து அடித்தாள். துரு நிறம் வரிசை வரிசையாக மறைந்துகொண்டு வந்தது.

சத்தம் கேட்காததால் தங்கை ஏணியின் உச்சிப்படி வரை ஏறிப் பார்த்தாள். அக்கா ஏணிப் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்துக் கடைசி மூலைவரை போய்விட்டிருந்தாள். இப்போது அவளுக்கும் ஏணிக்கும் நடுவில் பளபளவென்று ஈர வெள்ளை. மூலையில் பாய் விரிக்கும் அளவுக்குத் தகரம் மிச்சமிருந்தது, அதன்மேல் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை வெள்ளை. மூக்கிலும் ஒரு தீற்று.

"காயுறவரைக்கும் இங்கதான்டி," என்றாள்.

ஏணியை அந்தப் பக்கம் தூக்கி வருகிறோம் என்று கீழேயிருந்து சொன்னார்கள். அக்கா வேண்டாம் என்று கையசைத்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் கூரைகளாகவே தெரிந்தன, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, துருவும் கீற்றும் நெளிவுமாக. சந்துக்கு அந்தப்புறம், பக்கத்துப் பட்டறையின் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த ஒரு பெண், வாளியை வைத்துவிட்டு, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

"ஆராய்ச்சிங்க," என்றாள் அக்கா. "எங்களோடது."

அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்டாள். அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் தங்கைக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெள்ளை படிந்த அக்காவின் கை மட்டும் தெரிந்தது. முதலில் தன் காலடிக் கூரையைக் காட்டியது, பிறகு நெஞ்சைத் தொட்டது, பிறகு மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டது, பிறகு எழும்பி, சந்தைத் தாண்டி, அந்தப் பெண் நின்றிருந்த கூரைக்கும் அதற்கு அடுத்த கூரைக்குமாகப் போய்க்கொண்டே இருந்தது.